பொட்டு வைத்த பிடங்கு

தேய்த்தால் போகாது என்று கடாட்சத்துக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் தேய்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தினால் வாய் திறந்துவிடும், வாய் திறந்தால் மூன்றாம் மாடியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும் மனைவி மலரின் காதில் போய் விழும், பிறகு இவர் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்லப் பன்னிரண்டு மணி ஆகிவிடும், பன்னிரண்டு மணிக்கு மகள் நிது வந்து நிற்பாள். ஆகவே தேய். உப்புத்தாளை மூன்றாக மடித்து, பெருவிரலால் அழுத்தி, மரத்தின் நரம்பு போகிற போக்கிலே தேய். தூள் மூக்கில் ஏறியது. தும்மினால் மரத்தில் எச்சில் தெறிக்குமென்று முகத்தைத் திருப்பிச் சுவரில் சாய்த்திருந்த பழைய மெத்தையைப் பார்த்துத் தும்மினார். திரும்பிப் பார்த்தால் சிவப்பு அங்கேயே இருந்தது. துவக்கைத் தோளில் முட்டுக்கொடுக்கிற அடிக்கட்டையான பிடங்கின் வலது கன்னத்தில் ஒரு காசளவு வட்டம், அதிலிருந்து நரம்புகளுக்குள் ஓடி இறங்கிய ஏழெட்டுச் சிவப்பு இழைகள். குங்குமம். போன வருடம் நல்லூரிலிருந்து கொண்டுவந்தது. வேர்த்தாலும் அழியாத குங்குமம் என்று மலர் கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட குங்குமம். அந்தப் பெருமையில் கொஞ்சமும் பொய் இல்லை என்பதை இந்தச் சனிக்கிழமை காலை, தெற்குச் சுவீடனில், அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் குனிந்து நின்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஐம்பத்தேழு வயது மனுசன், முப்பது வருடம் கதவும் சன்னலும் செய்கிற தொழிற்சாலையில் மரத்தோடு மல்லுக்கட்டியவர், ஒரு பொட்டிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. நிலவறை விளக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தானாக அணையும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம், இருட்டில் தட்டித் தடவிப் போய்ச் சுவரிலிருக்கும் பொத்தானை அமத்திவிட்டு வரவேண்டும். அமத்தினார். வந்தார். என்ன நினைத்துக்கொண்டிருந்தோம்? ஆம், மலர். பூசை வியாழக்கிழமை. சரஸ்வதி பூசைக்கு வீட்டிலே வழமையாக வைப்பது தையல் மெஷின், கார்ச் சாவி, இவருடைய இரண்டு உளி, நிது எட்டாம் வகுப்போடு தொட்டுப் பார்க்காத வயலின். அதோடு நிற்பதற்கென்ன? வைத்தவள் கையோடு சந்தனக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தடுத்துவிட்ட கம்பிவலைக் கூடுகளில் தங்களுடையதைத் திறந்து, எண்ணெய் பூசாத பச்சை மரத்தில், இரண்டு மாதம் இழைத்து இழைத்துக் குழந்தைக் கன்னம் போல வைத்திருந்த மரத்தில், பிடங்கில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று, முன்கட்டையில் ஒன்று என்று ஈரச் சந்தனத்தின்மேல் குங்குமம் அப்பிவிட்டுப் போயிருக்கிறாள். அதையாவது அப்படியே விட்டிருந்தால் காய்ந்த பிறகு கத்தி நுனியால் சுரண்டியிருக்கலாம். மனுசன் கத்துவார் என்ற பயத்தில் அடுத்த நாள் வந்து ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள்! ஈரத்துணியால்! பச்சை மரம் தண்ணீரைக் கண்டால் வாயைத் திறந்து குடிக்கும் என்பது முப்பது வருடம் ஒரு மரவேலைக்காரனோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? காலையில் இதைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போய்க் கேட்டார். “உமக்கென்ன விசரே? ஆரைக் கேட்டு வைச்சனீர்?” அவள் இடியப்ப உரலை இறுக்கிப் பிடித்தபடி, “ஆயுதமெண்டால் பொட்டு வைக்கிறதுதானே” என்றாள். ஆயுதமாம். துவக்கு எண்டு ஒண்டு இந்த வீட்டுப் படியேறினால் நான் இறங்கிப் போயிடுவன் என்று ஓகஸ்ட் மாதம் இதே குசினியில் நின்று சத்தியம் பண்ணியவள் இவள்தான். இறங்கிப் போவதற்குப் பதிலாகச் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கியிருக்கிறாள்.

அவள் சத்தியம் பண்ணியதும் நியாயம்தான். துவக்கு வீட்டுக்கு வரவும் இல்லை. துவக்கு நிதுவினுடையது. கடைசியாக வந்த மாதிரி, கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு, மான் மரை வேட்டைக்காரர்கள் வைத்திருப்பது, அவளுடைய பெயரில் லைசென்ஸ், அவள் இருக்கிற ஊரில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. இவரிடம் இருப்பது மரம் மட்டும். மரத்துக்குச் சட்டம் கிடையாதாம், இரும்புக்குத்தான் சட்டம் என்று அவள்தான் விளக்கினாள். அவளுடைய சுடுகிற கிளப்புக்கு நாளை நூறு வயது. நூறாவது வயதுக்கு எல்லோரும் பழைய தொப்பி, பழைய கோட்டு, பழைய துவக்கோடு வரவேண்டுமாம். பழையது என்றால் தொண்ணூற்றாறாம் மாடல், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு, சுவீடன் இராணுவம் இரண்டு தலைமுறை தோளில் சுமந்த நீட்டுத் துவக்கு, குழலின் நுனி வரைக்கும் மரம் ஓடும், பித்தளை வளையம், பிடங்கில் வட்டமாக ஒரு பித்தளைத் தட்டு. அது இல்லாதவர்கள் புதுத் துவக்குக்கு அந்த வேசம் கட்டிக்கொண்டு வரலாம், இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் பழையதாகத் தெரிந்தால் போதும் என்று ஒரு விதி. ஓகஸ்ட்டில் அவள் தாயின் போனுக்கு எடுத்து, “அப்பாட்டைக் குடுங்கோ” என்றாள். ஐந்து வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம். போன் சுட்டது கையில். “அப்பா, அங்கை எல்லாரும் தங்கடை பூட்டன்ரை துவக்கைக் கொண்டு வருவினம். எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. நீங்கள் ஒண்டு செய்து தருவியளோ?” பூட்டனிடம் இருந்தது ஒரு மண்வெட்டி என்று இவர் சொல்ல வாயெடுத்தார், நல்லகாலம் சொல்லவில்லை. “அளவு அனுப்பு” என்றார். போனை வைத்த பிறகு வேலைக்கு நேரமில்லை, முழங்கை நோ, துவக்குக்கு வேண்டிய பீச் மரம் இந்த ஊரில் விலை என்று மலரிடம் ஒரு மணித்தியாலம் முணுமுணுத்தார். அன்றிரவு நித்திரை வரவில்லை, சந்தோசத்தில்.

அளவு வந்தது. படங்கள் வந்தன. இரும்புக்குப் பதிலாக, அதே அச்சில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அடித்த ஒரு பொம்மைத் துவக்கும் தபாலில் வந்தது, அதை வைத்துத்தான் பள்ளம் தோண்ட வேண்டும். பொம்மையை நம்பி ஒரு தரம் தோண்டினார், அது ஒரு பக்கம் வளைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது, முதல் மரம் விறகாயிற்று. புதுத் துவக்கின் தோட்டாப் பெட்டி கீழே துருத்திக்கொண்டு நிற்கும், பழையதில் அப்படி இல்லை, அதை மறைக்க வயிற்றுப் பக்கம் மரத்தைத் தடிப்பாக விட்டால் கிழட்டு மாட்டின் வயிறு மாதிரித் தொங்கியது. இரண்டாம் மரமும் விறகு. மூன்றாவது இது. பூசைவரை இதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. சொல்லிப் பார்க்கட்டும். கைப்பிடியிலும் முன்கட்டையிலும் இருந்தவை ஆழமாக ஊறாததால் காலையிலேயே போய்விட்டன, பிடங்கில் தேய்க்கத் தேய்க்கப் பொட்டு போகாமல் மரம்தான் போய்க்கொண்டிருக்கிறது. விரலை ஓட்டினால் வட்டத்துக்கு நடுவில் பள்ளம் தட்டியது. பள்ளத்தை மறைக்கச் சுற்றிவரத் தேய்க்க வேண்டும், சுற்றிவரத் தேய்த்தால் பிடங்கு மெலியும், மெலிந்தால் பிடங்கின் அடியில் அறைகிற தகட்டின் விளிம்பு வெளியே தெரியும், தகட்டை அராவினால் அது அசலாக இருக்காது. ஒரு காசளவு சிவப்புக்கு முழுப் பிடங்கும் போகப்போகிறது. பித்தளைத் தட்டால் மறைக்கலாம் என்று ஒரு கணம் மனம் துள்ளியது, தட்டைத் தூக்கிப் பொட்டின்மேல் வைத்தும் பார்த்தார், அச்சாவாக மூடியது. ஆனால் தட்டுக்கான குழியைப் போன ஞாயிறே வெட்டிவிட்டார். பொட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி. இரண்டே இரண்டு விரல். மலர் பொட்டை அந்த இரண்டு விரல் முன்னுக்கு வைத்திருக்கக்கூடாதா? தட்டை மேசையில் எறிந்தார், அது உருண்டு சைக்கிளுக்குக் கீழே போயிற்று, முழங்காலில் தவழ்ந்து அதைத் தேடிக்கொண்டிருக்கையில் விளக்கு அணைந்தது.

இருட்டில் முழங்காலில் நின்றபடி அவர் அந்த வசனத்தை மறுபடியும் சொல்லிப் பார்த்தார். காலையிலிருந்து இது எத்தனையாவது தரமோ. பன்னிரண்டு மணிக்கு அவள் வந்ததும் சொல்ல வேண்டிய வசனம். திங்கட்கிழமை அவள் லத்வியாவுக்குப் போகிறாள், அவளுடைய பட்டாளத்தோடு, ஆறு மாதம், ரஷ்ய எல்லைப் பக்கம். இதை இவருக்குச் சொன்னது அவளல்ல, மலர். நாளை சுடுகிற விழா, நாளை மறுநாள் பயணம், ஆக இன்றைக்கு மட்டும்தான் இருக்கிறது, இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு எப்போதென்று கடவுளுக்குத்தான் தெரியும். “கவனமாப் போட்டு வா, பிள்ளை.” சீ, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கா போகிறாள். “போகாதை.” போவாள். “அண்டைக்கு நான் சொன்னது பிழை.” இந்த வசனம்தான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது, ஏனென்றால் பிழையா என்று அவருக்கு இன்னும் நிச்சயமில்லை. அன்றைக்கு என்றால் ஐந்து வருடத்துக்கு முந்திய வைகாசி. பதினெட்டு வயதுப் பிள்ளைகளை இராணுவச் சேவைக்குச் சோதிக்கிற கடிதம் இந்த நாட்டில் வரும், விருப்பமில்லையென்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இவள் விருப்பம் என்று எழுதிவிட்டு வந்து நின்றாள். சிரித்துக்கொண்டு நின்றாள். முதுகை நிமிர்த்தி, பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவள்போல. இவர் சோற்றில் கையை வைத்தபடி, “என்ரை வீட்டுக்கை ஒரு ஆமி இருக்கேலாது. அந்த உடுப்பு வேணுமெண்டால் இந்த வீடு இல்லை” என்றார். ஆமி. அந்தச் சொல்லுக்கு அவளுடைய சுவீடிஷ் மொழியில் ஒரு பாரமும் இல்லை, அங்கே அது தபால்காரன் மாதிரி, தீயணைப்புக்காரன் மாதிரி ஒரு வேலை. இவருக்கு அது நாய்கள் ஒரேயடியாகக் குரைக்கிற சத்தம், பின்வளவு வேலிக்கால் ஓடுகிற அம்மா, கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிற தான். அவள் சுவீடிஷிலே “அப்ப சரி” என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டு, விளையாட்டுப் பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு போனாள். பிறகு தீபாவளிக்கு வருவாள், தைப்பொங்கலுக்கு வருவாள், ஒரு மணித்தியாலம் இருப்பாள், உப்பைத் தாங்கோ என்பதைக்கூட இருவரும் மலர் வழியாகவே பேசிக்கொள்வார்கள்.

தட்டு கைக்கு அகப்பட்டது. விளக்கைப் போட்டார். மணி பத்து நாற்பது. அவருடைய தொழிற்சாலையில் கறை பிடித்த பலகையை வெளுக்க ஒரு பவுடர் இருக்கிறது, அதிலே கொஞ்சம் தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார், சுடுதண்ணீரில் கரைத்துப் பஞ்சில் தோய்த்து ஒற்றினார். பொட்டைச் சுற்றியிருந்த மரம் வெளுத்துப் பால்போல ஆயிற்று. பொட்டு அப்படியே நின்றது. முன்னைக்கு இப்போது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, ஒரு மரக்கட்டைக்காக அழுகிற மனுசன் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. என்ன செய்தாலும் இந்தக் கைக்கு இப்படித்தான். சொல்ல வராத ஒன்றைச் செய்துகாட்டலாம் என்று இரண்டு மாதம் பாடுபட்டால், அதையும் ஒருத்தி ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிறாள். பிடங்கைத் தடவிப் பார்த்தார். பிடங்கு. இந்தச் சொல்லை ஊரில் எப்போதும் அடியோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார், துவக்குப் பிடங்கால் அடித்தாங்கள், பிடங்கால் இடித்தாங்கள். அது மரம் என்பதையே அவர் யோசித்ததில்லை. யாரோ ஒருவன் எங்கேயோ ஒரு பட்டறையில் அதையும் இழைத்திருப்பான், தோளுக்கு நோகாமல் ஓரத்தை மழித்திருப்பான், கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பார்த்திருப்பான்.

தன்னை யாரும் பிடங்கால் அடித்ததில்லை. அதுதான் வெட்கம். மைத்துனனுக்குக் கால் போயிற்று, அடுத்த வீட்டுத் தேவன் போனவன் போனவன்தான், அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. இவருக்கு இருந்தது ஒரு பஸ்ஸும் ஒரு பிஸ்கட் பக்கற்றும். பத்தொன்பது வயது. ஊரில், மானிப்பாய் வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி வரிசையில் முழங்காலில் இருத்தினார்கள். ஒரு பச்சை உடுப்புக்காரன், இவருடைய வயதுதான் இருக்கும், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, பிஸ்கட் பக்கற்றை உடைப்பதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டதாலோ என்னவோ, துவக்கைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு குழலை இவருடைய தோளில் வைத்தான். மிரட்டுவதற்காக அல்ல. வேலியில் சாத்துவதுபோல. வெயிலில் கிடந்த இரும்பு, சட்டைக்கு மேலாலும் சுட்டது, நுனி காதுமடலில் தட்டியது. அவன் இவரைப் பார்க்கவே இல்லை. ஒரு பிஸ்கட்டைத் தின்றான், இரண்டாவதைத் தின்றான், தூள் இவருடைய கழுத்தில் விழுந்தது. மூன்றாவதைத் தின்றுவிட்டுத் துவக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள், ஏறினார், வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டார். இதை மலருக்குக்கூடச் சொன்னதில்லை, என்னவென்று சொல்வது, அவன் பிஸ்கட் தின்றான் என்றா? ஆனால் நிது அன்று சிரித்துக்கொண்டு நின்றபோது அவருக்குத் தெரிந்தது அந்தப் பொடியனின் முகம்தான். அவளைச் சுட்டுவிடுவார்கள் என்ற பயம் இருந்தது, எந்தத் தகப்பனுக்கும் இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லலாம். இது வேறு பயம். எங்கேயோ ஒரு ஊரில், ஒரு வீதியில், களைத்துப்போய்ப் பசியோடு நிற்கிறபோது தன்னுடைய பிள்ளை, சாப்பாட்டில் கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி வைக்கிற பிள்ளை, யாருடைய தோளென்று பார்க்காமல் ஒரு தோளில் குழலைச் சாத்திவிட்டுப் பக்கற்றை உடைப்பாளோ என்ற பயம். இதை எந்த மொழியில் ஒரு பிள்ளையிடம் சொல்வது? அதனால் வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். அது சுலபமாக இருந்தது.

கம்பிவலைக் கதவு கிறீச்சிட்டது. மலர், ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மறுகையில் சாவிக்கொத்து. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“இஞ்சாருங்கோ, தேத்தண்ணி.”

“வைச்சிட்டுப் போம்.”

“பொட்டு போகேல்லையோ?”

“எப்பிடிப் போகும்? நீர் வைச்சதல்லே.”

அவள் கோப்பையை வைத்தாள், போகவில்லை. பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “நான் பிள்ளையின்ரை நெத்தியிலை வைக்கோணும் எண்டுதான் நினைச்சனான்,” என்றாள். “அவள் எனக்குக் குனிஞ்சு தரமாட்டாள். நீங்களும் அவளை நிண்டு நிதானமா இருக்க விடமாட்டியள். அதுதான், அவள் கொண்டுபோற சாமானிலையெண்டாலும் இருக்கட்டும் எண்டு வைச்சனான். நீங்கள் பேசுவியள் எண்டு துடைச்சனான். இப்ப என்ன, என்னைக் கொல்லப்போறியளோ?”

அவள் கொண்டுபோவது இதை அல்ல, இது நாளைய விழாவுக்கு மட்டும், அங்கே அவளுக்குக் கொடுப்பது அரசாங்கத்துத் துவக்கு, இரும்பும் பிளாஸ்டிக்கும், அதில் பொட்டு வைக்க இடமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். மலருடைய முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. “சரி, போம். இடியப்பம் காயப்போகுது” என்றார். அவள் படியேறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, முதலாம் மாடியில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கி மறுபடி ஏறினாள். கோபம் முழுவதும் இறங்கிவிட்டதென்று சொல்ல முடியாது. இரண்டு மாதக் கோபம், ஐந்து வருடக் கோபம், ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் இறங்குமா? ஆனால் அதை யார்மேல் வைப்பதென்று தெரியாமல் போய்விட்டது. அது பெரிய தொல்லை. எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார். கதவுகளுக்குப் பூசுகிற எண்ணெய், ஒரு மணித்தியாலத்தில் காயும். இனிமேல் தேய்ப்பதற்கு மரமும் இல்லை, நேரமும் இல்லை. துணியில் ஊற்றி முன்கட்டையில் தொடங்கிப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனார், நரம்புகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன, பால் நிறம் தேன் நிறமாயிற்று, ஐயோ எவ்வளவு வடிவாக வந்திருக்க வேண்டியது. பிடங்குக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினார். எண்ணெய் பட்டதும் பொட்டு கறுத்துச் சிவந்து, காயம் ஆறின இடம் மாதிரி ஆழமாகப் பதிந்தது. அவர் துணியைப் போட்டுவிட்டு, கைகளைத் தொடையில் துடைத்துவிட்டு, இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. எழும்பவில்லை. கவனமாப் போட்டு வா. போகாதை. அண்டைக்குச் சொன்னது. கவனமாப் போட்டு. எதை எடுத்தாலும் பாதியில் அறுந்தது.

யாரோ விளக்கைப் போட்டார்கள். கதவடியில் நிது நின்றாள். தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள், சாதாரணக் கம்பளிச் சட்டை, தோளில் நீளமான ஒரு பை. பையை மெல்லத் தரையில் இறக்கினாள். அவள் மெலிந்திருந்தாளா, இல்லை உயர்ந்துவிட்டாளா, தைப்பொங்கலுக்குப் பார்த்தவள்தான், ஆனால் தைப்பொங்கலுக்கு இவர் அவளுடைய கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அப்பா இருட்டுக்கை இருக்கிறியள்?”

“சாப்பிட்டியோ?” என்றார். இவ்வளவு ஒத்திகை பார்த்தும் வாயில் வந்தது அதுதான்.

“இல்லை. வரேக்கை அம்மா போன் எடுத்தவ, இடியப்பமாம்.” அவள் மேசைக்கு வந்தாள். தொடவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். இவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தார். சப்பாத்து பிடங்குப் பக்கத்தில் வந்து நின்றது. “அது, உன்ரை கொம்மா… பூசைக்கு எண்டு… நான் எவ்வளவோ தேய்ச்சுப் பாத்தனான், பவுடர் போட்டனான், இன்னுமொரு கிழமை இருந்தால் புதுசா ஒண்டு…” நிமிர்ந்தார். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்ரை வயலினுக்கும் இப்பிடித்தான் வைச்சவ. ரீச்சர் கேட்டு நான் அழுதனான், ஞாபகமே?” குனிந்து மிகக் கிட்டத்தில் பார்த்தாள். “இனித் தேய்க்காதேங்கோ அப்பா. கிடக்கட்டும். நாளைக்கு ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்.” பிறகு தமிழில் சொல் அகப்படாமல் கொஞ்சம் தேடி, “நல்லா இருக்கு” என்றாள். “சரியான நல்லா இருக்கு.”

அவர் திருப்புளியைத் தேடினார், அது கைக்கு முன்னாலேயே இருந்தது. பிளாஸ்டிக் உடம்பைக் கழற்ற வேண்டும், இரும்பை எடுத்து இந்த மரத்தில் இருத்த வேண்டும், எங்கே பிடிக்கிறதென்று பார்க்க வேண்டும், வேலை கிடக்கிறது. வேலை கிடப்பது நல்லது. அவள் பையின் சிப்பை இழுத்துத் திறந்து துவக்கை எடுத்தாள். அவர் மேசையைக் காட்டினார். அவள் வைக்கவில்லை. குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தோட்டா அறையை மூடுகிற போல்ட்டைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, அப்படியே அவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“பாருங்கோ.”

அவர் பார்க்கவில்லை. பக்கத்துக் கூட்டிலிருந்த யாருடையதோ குழந்தை வண்டியைப் பார்த்தார். “வை, வை. எனக்கு உதுகள் தெரியாது.”

“நீங்கள் பாக்கோணும். பாத்தால்தான் நான் வைக்கலாம். துவக்கை ஆரிட்டைக் குடுத்தாலும் முதல்லை திறந்து காட்டோணும், அதுதான் கிளப்பிலை முதல் பாடம்.” அவள் அவசரப்படவில்லை. “விரலை விட்டுப் பாருங்கோ. உள்ளுக்கு ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரிஞ்சால் காணாது. உங்களுக்குத் தெரியோணும்.”

அவர் வாழ்க்கையில் கண்ட துவக்குகளை எண்ணிப் பார்த்தால் எத்தனையோ இருக்கும். பஸ்ஸில், வீதியில், பள்ளிக்கூட மதிலில், வீட்டு முற்றத்தில். ஒருவன்கூட அவருக்கு அதைத் திறந்து காட்டியதில்லை. அவர் கையை எடுத்துத் தொடையில் ஒருதரம் துடைத்துக்கொண்டு, சுட்டுவிரலை அந்தத் திறந்த இடத்துக்குள் விட்டார். குளிராக இருந்தது. வழவழப்பாக, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு, முன்னுக்கு ஒரு வட்டமான வெறும் துவாரம். ஒன்றும் இல்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை. அவள் அவருடைய விரலைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கையும் இப்பிடித் திறந்து காட்டுவியோ?” என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது.

அவள் ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றார்.

“இல்லை அப்பா. அங்கை அப்பிடி ஏலாது.”

“எனக்குப் பயமாக் கிடக்கு, பிள்ளை.” வசனம் அறவில்லை, தானாகவே முழுசாக வந்தது. “அண்டைக்கும் பயம்தான். கோபமெண்டு நீ நினைச்சிருப்பாய். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.”

அவளுடைய உதடு ஒரு பக்கம் இழுத்தது. சின்ன வயதில் விழுந்து எழும்பி, அழுவதா வேண்டாமா என்று யோசிக்கிறபோது இழுக்கிற அதே பக்கம்.

“எனக்கும் பயம் அப்பா,” என்றாள். “ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

மேலே மலர் கூப்பிடுகிற சத்தம் படிக்கட்டு வழியாக வந்தது. அவள் துவக்கை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் விரலை எடுக்கவில்லை.